தூங்கும் குழந்தையா? மயங்கிய குழந்தையா?

இன்றைய அங்கத்தில் பெற்றோர்கள் மட்டுமல்லாது தாத்தா, பாட்டிகளும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயத்தைப் பார்க்கவிருக்கிறோம்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல். பாட்டி வரவேற்பறையில் கண்ணயர்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய கைப்பை. அதில் இரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மாத்திரை, இரவில் போட்டுக்கொள்ளும் தூக்க மாத்திரை எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. மூன்று வயதுப் பேத்தி பையைத் திறக்கிறாள். வண்ண வண்ணமாக இருக்கிறது. மிட்டாய் போலவும் இருக்கிறது.

நான்கு மணிக்கு அம்மா வேலை முடிந்து வருகிறார். பிள்ளை சோபாவில் தூங்குகிறாள். எழுப்பினால் கண் திறக்கிறாள். நிற்க வைத்தால் கால் பின்னுகிறது. பேச்சு குழறுகிறது. "வெயில்ல விளையாடின களைப்புமா, தூங்கட்டும் விடு" என்கிறார் பாட்டி.

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதையன்று. பெரியவர்களின் மருந்தும் சிறு பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. இங்கே கேள்வி ஒன்றுதான். அந்தக் குழந்தை தூங்குகிறாளா, மயங்கிக் கிடக்கிறாளா? அதை எவ்வளவு விரைவாகக் கண்டுகொள்கிறோம் என்பதில்தான் அவளுடைய உயிர் அடங்கியிருக்கிறது.

மயக்கம் தரும் மருந்துகள் எவை?

மயக்க மருந்து என்றதும் நம் மனத்தில் தோன்றுவது தூக்க மாத்திரை. ஆனால் பட்டியல் அதைவிட நீளமானது.

முதலாவது, பென்சோடையசெபின் வகை மாத்திரைகள். டயசெபாம், அல்பிரஸோலாம், லோரசெபாம், குளோனசெபாம் ஆகியவை இதில் அடங்கும். பதற்றம், தூக்கமின்மை, வலிப்பு ஆகியவற்றுக்கு மருத்துவர்கள் எழுதித் தருபவை இவை. 'வேலியம்' என்ற பெயரில் டயசெபாம் 1963-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

இரண்டாவது, சளி, ஒவ்வாமை, அரிப்பு ஆகியவற்றுக்கான பழைய வகை மருந்துகள். குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் முதலியவை பல இருமல், சளி மருந்துகளில் கலந்திருக்கின்றன. இனிப்பும் பழ வாசனையும் சேர்ந்திருப்பதால் குழந்தைகள் விரும்பிக் குடிப்பார்கள்.

மூன்றாவது, அபின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடோல் வலி மாத்திரை, மெத்தடோன் ஆகியவை இவ்வகை. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான மெத்தடோன் சிகிச்சை மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு தொடங்கியது. பலரைக் கரையேற்றிய நல்ல சிகிச்சை அது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரும் மெத்தடோன் திரவத்தை ஒரு குழந்தை ஒரு வாய் குடித்தாலே உயிர் போகலாம்.

நான்காவது, வலிப்பு நோய்க்கான பீனோபார்பிட்டோன், மன அழுத்தத்திற்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், இரத்த அழுத்தத்திற்கான குளோனிடின். இவை மயக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. அமிட்ரிப்டிலின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். குளோனிடின் துடிப்பை மந்தப்படுத்தி, இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும்.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மாத்திரைகள் மயக்க மருந்துகளே அல்ல. ஆனால் ஒரே ஒரு மாத்திரை கூட சிறு குழந்தையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அந்தக் குழந்தையும் 'தூங்குவது' போலத்தான் தெரியும். நீரிழிவு அதிகமுள்ள நம் சமூகத்தில் இது மறக்கக் கூடாத செய்தி.

பெரியவருக்கு மருந்து, பிள்ளைக்கு நஞ்சு

எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அளவாகத் தயாரிக்கப்பட்ட மாத்திரை, பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு ஆகிறது. அதோடு, குழந்தையின் நாக்கு வாய்க்கு ஏற்ற அளவில் பெரியது, மூச்சுக்குழாய் குறுகலானது. மயக்கத்தில் தசைகள் தளர்ந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடும். உடம்பில் சேமிப்பாக உள்ள பிராணவாயுவும் குறைவு. ஆகவே மூச்சு தடைப்பட்டால் பெரியவர்களைவிட விரைவாக நிலைமை மோசமாகும்.

மயக்க மருந்து எப்படிக் கொல்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் ஒன்றே. மூளையில் மூச்சை இயக்கும் பகுதி மந்தமாகிறது. மூச்சு மெதுவாகி, ஆழம் குறைந்து, கடைசியில் நிற்கிறது. அல்லது மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போகிறது.

எப்படி அடையாளம் காண்பது?

தூங்கும் குழந்தையைத் தட்டி எழுப்பினால் சிணுங்கும், புரண்டு படுக்கும், கையைத் தட்டிவிடும், அம்மாவைத் தேடும். எழுந்த சில நிமிடங்களில் தெளிந்துவிடும். மருந்தால் மயங்கிய குழந்தை அப்படித் தெளிவதில்லை. எழுப்பினாலும் மறுகணமே கண் சொருகும். பின்வரும் அறிகுறிகளைக் கவனியுங்கள்.

● தள்ளாட்டம். பென்சோடையசெபின் உட்கொண்ட குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது இதுதான். குடித்தவர் போல நடை தடுமாறும், பேச்சு குழறும். ஆழ்ந்த மயக்கம் வராமலே இது வரலாம்.

● வழக்கமில்லாத நேரத்தில் தூக்கம். காய்ச்சலோ வேறு நோயோ இல்லாத குழந்தை திடீரென்று துவண்டுபோனால் மருந்தைச் சந்தேகியுங்கள்.

● மூச்சு. இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தை விழித்திருக்கும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 25 முதல் 30 முறை மூச்சு விடும். தூக்கத்தில் சற்றுக் குறையும். அது பத்து, பன்னிரண்டு என்று இறங்கினாலோ, இடையிடையே நின்று போனாலோ, குறட்டை போன்ற சத்தம் வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.

● கண்ணின் பாவை. அபின் வகையும் குளோனிடினும் பாவையை ஊசிமுனை போலச் சுருக்கும். பழைய சளி மருந்துகளும் அமிட்ரிப்டிலினும் பாவையை விரிக்கும்.

சளி மருந்துகளில் ஒரு விசித்திரம் உண்டு. மயக்கத்திற்குப் பதிலாகக் குழந்தை பரபரப்பாகலாம். முகம் சிவந்து, வாய் உலர்ந்து, இல்லாததைக் கண்டு பயந்து அலறும். வலிப்பும் வரலாம். "பிள்ளை ஏதோ பயந்துவிட்டது" என்று மந்திரிக்க அழைத்துப் போவதற்கு முன், வீட்டிலுள்ள மருந்துப் புட்டியை ஒருமுறை பாருங்கள்.

முதல் பத்து நிமிடம்

குழந்தை மருந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், செயல்படத் தொடங்குங்கள். உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டிப் பாருங்கள். மார்பு ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 ஆகிய எண்களுக்கு அழையுங்கள். குழந்தை மூச்சு விடுகிறது, ஆனால் தெளிவாக இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். வாயில் மாத்திரைத் துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் விரலால் எடுத்துவிடுங்கள். மூச்சே இல்லையென்றால் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் தேவை. அவசர எண்ணில் பேசுபவர் படிப்படியாகச் சொல்லித் தருவார். தொலைபேசியை வைத்துவிடாதீர்கள்.

அடுத்து, ஆதாரங்களைச் சேகரியுங்கள். மருந்துப் புட்டி, மாத்திரை அட்டை, தரையில் சிதறியவை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மாத்திரை இருந்தது, எத்தனை மீதி என்று எண்ணுங்கள். எத்தனை மணிக்கு நடந்திருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் அதையும் சோதியுங்கள். பிள்ளைகள் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

செய்யக் கூடாதவை

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடுவது, உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுப்பது எல்லாம் தவறு. மயக்கத்தில் உள்ள குழந்தை வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். உப்புத் தண்ணீரோ இரத்தத்தில் உப்பை ஏற்றித் தனியாக ஓர் ஆபத்தை உண்டாக்கும். வாந்தி வரவழைக்கும் இபெகாக் திரவத்தை வீட்டில் வைத்திருக்கும்படி அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெற்றோர்களுக்குச் சொல்லப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே அது வேண்டாம் என்று அறிவித்தது.

தெளியட்டும் என்று காப்பி, மோர், இளநீர் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டாம். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்க வைத்துவிட்டு நகரவும் வேண்டாம்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

அவசரப் பிரிவில் முதலில் பார்ப்பது மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம். பிராணவாயு கொடுப்பார்கள். உடனே விரல் நுனியில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பார்கள். சர்க்கரை இறங்கியிருந்தால் குளுக்கோஸ் ஏற்றுவதுதான் உயிர் காக்கும். இதயத் துடிப்பு வரைபடமும் எடுக்கப்படும். அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளின் பாதிப்பு அதில்தான் முதலில் தெரியும்.

வயிற்றைக் கழுவுவது முன்பு வழக்கமாக இருந்தது. இப்போது அரிதாகவே செய்யப்படுகிறது. மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூள் சில சமயம் கொடுக்கப்படும். அதுவும் பொதுவாக ஒரு மணி நேரத்திற்குள் வந்து, குழந்தை விழிப்போடு இருந்தால்தான் பலன். இங்கேதான் நேரத்தின் அருமை தெரிகிறது.

மாற்று மருந்து உண்டா என்று பலர் கேட்பார்கள். அபின் வகைக்கு நலோக்சோன் உண்டு. ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் மெத்தடோனின் வீரியம் நலோக்சோனைவிட நீண்ட நேரம் நிற்கும். தெளிந்த குழந்தை மீண்டும் மயங்கலாம். பென்சோடையசெபினுக்கு புளுமசெனில் என்ற மாற்று மருந்து இருக்கிறது. எனினும் எல்லாருக்கும் அதைப் போட்டுவிட முடியாது. வலிப்பு நோய் உள்ள குழந்தைக்கோ, அமிட்ரிப்டிலினையும் சேர்த்து விழுங்கிய குழந்தைக்கோ கொடுத்தால் வலிப்பைத் தூண்டிவிடலாம். கூட எதை விழுங்கியது என்ற தகவல் மருத்துவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பீனோபார்பிட்டோனுக்கு மாற்று மருந்தே இல்லை. கரித்தூளைப் பல தடவை கொடுப்பார்கள். நிலைமை மிகக் கடுமையானால் இரத்தச் சுத்திகரிப்பு செய்வார்கள்.

மலேசியாவில் எந்த மருத்துவரும் நச்சுப் பொருள் குறித்து ஆலோசனை கேட்க, பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் இருக்கிறது.

கோப்பன்ஹேகன் கற்றுத் தந்த பாடம்

மாற்று மருந்து இல்லையென்றால் பிழைக்க முடியாதா என்ற அச்சம் வேண்டாம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1940-களில் ஐரோப்பாவில் பார்பிட்டுரேட் தூக்க மருந்தை அளவுமீறி உட்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார். அவர்களை 'எழுப்புவதற்காக' மூளையைத் தூண்டும் மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவை வலிப்பையும் காய்ச்சலையும் உண்டாக்கின. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் கார்ல் கிளெமெசன் என்ற மருத்துவர் அந்த வழியை மாற்றினார். எழுப்ப முயல வேண்டாம். மூச்சுப்பாதையைத் திறந்து வை, பிராணவாயு கொடு, இரத்த அழுத்தத்தைக் காப்பாற்று, புரட்டிப் படுக்க வை, இடைவிடாமல் கவனி. மருந்து தானே உடம்பைவிட்டு வெளியேறும். இந்த முறையில் இறப்பு நூறில் ஓரிருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. இன்றும் மயக்க மருந்துச் சிகிச்சையின் அடித்தளம் இதுதான். சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகக் குணமடைந்து வீடு திரும்புவார்கள்.

மறைக்காதீர்கள்

ஆனால் நேரத்தில் வராமல் போவதற்குத் தூரம் மட்டும் காரணமல்ல. வெட்கமும் பயமும் காரணம்.

பாட்டிக்குத் தம் தூக்க மாத்திரை பற்றி மருமகளுக்குத் தெரியக் கூடாது என்ற தயக்கம். மெத்தடோன் எடுக்கும் தந்தைக்கு ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம். அழுகிற பிள்ளைக்கு இருமல் மருந்தைக் கூடுதலாக ஊற்றிவிட்ட பராமரிப்பாளருக்கு வேலை போய்விடுமோ என்ற அச்சம். எனவே "எதுவுமே சாப்பிடவில்லை டாக்டர், திடீரென்று மயங்கிவிட்டது" என்கிறார்கள். மருத்துவர் மூளைக்காய்ச்சலா, தலையில் அடியா என்று தேடத் தொடங்குவார். ஸ்கேன், முதுகுத்தண்டில் ஊசி என்று மணிகள் ஓடும். ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டிய உண்மைக்கு ஒரு குழந்தை விலை கொடுக்கும்.

வேண்டுமென்றே மருந்து கொடுக்கப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தால் மருத்துவமனை அதை விசாரிக்கத்தான் செய்யும். மலேசியாவில் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் அந்தக் கடமையை மருத்துவர்களுக்கு விதித்திருக்கிறது. அது குழந்தையின் பாதுகாப்புக்காக. ஆனால் தவறுதலாக நடந்ததை உடனே ஒப்புக்கொள்ளும் குடும்பம் குற்றவாளிக் குடும்பம் அல்ல. அது பிள்ளையைக் காப்பாற்றிய குடும்பம்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் மறைப்பு இன்னும் அதிகம். மன வேதனையில் மாத்திரைகளை விழுங்கிய பிள்ளையை "போலீஸ் கேஸாகிவிடும்" என்று வீட்டிலேயே வைத்திருந்தவர்கள் உண்டு. அந்த அச்சத்திற்கு இன்று இடமில்லை. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020 ஜனவரியிலும், மலேசியாவில் 2023 செப்டம்பரிலும் நீக்கப்பட்டுவிட்டது. தாமதிக்காமல் அழைத்து வாருங்கள். திட்டாமல் கூட இருங்கள். உடல் தேறிய பிறகு மனத்திற்கும் சிகிச்சை உண்டு.

இளையோரிடம் வேறொரு வடிவிலும் மயக்க மருந்து வந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன் தரப்படும் எட்டோமிடேட் என்ற மருந்தை மின்சிகரெட்டில் கலந்து விற்கிறார்கள். சிங்கப்பூர் 2025 செப்டம்பர் முதல் தேதி அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. தள்ளாட்டத்தோடும் மந்தமான பார்வையோடும் பிள்ளை வீடு திரும்பினால் இதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அமைதிப்படுத்த மருந்தா?

நீண்ட பேருந்துப் பயணத்தில் பிள்ளை தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுப்பது சில குடும்பங்களில் பழக்கம். இந்த ஆசை புதிதல்ல. 1849-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'மிசஸ் வின்ஸ்லோ' சாந்த மருந்து, பல் முளைக்கும் குழந்தைகளை அமைதிப்படுத்தும் என்று புகழ் பெற்றது. உள்ளே இருந்தது மார்பின். பல குழந்தைகள் அதனால் கண் விழிக்கவே இல்லை.

அந்தப் பாடம் இன்றும் பொருந்தும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடையில் வாங்கும் இருமல், சளி மருந்துகள் வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கோடீன் கொடுக்கக் கூடாது என்று 2017-இல் அறிவித்தது. சிலருடைய கல்லீரல் கோடீனை மிக வேகமாக மார்பினாக மாற்றிவிடும். யாருடைய கல்லீரல் அப்படி என்று பார்த்துச் சொல்ல முடியாது. சரியான அளவு கொடுத்தும் மூச்சு நின்ற குழந்தைகள் உண்டு.

அளவு விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. மருந்துச் சீட்டில் உள்ள ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லி லிட்டர். சாப்பாட்டுக் கரண்டியோ 15 மில்லி லிட்டர் வரை கொள்ளும். அவசரத்தில் எடுத்தால் மூன்று மடங்கு மருந்து. மருந்தோடு வரும் அளவுக் குப்பியையோ ஊசிக்குழலையோ மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டு வெவ்வேறு புட்டிகளில் ஒரே மருந்து இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

வருமுன் காப்போம்

1967-இல் கனடாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹென்றி புரோ, உள்ளங்கையால் அழுத்தித் திருகினால் மட்டுமே திறக்கும் மூடியைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார். அந்த எளிய மூடி எண்ணற்ற குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் மாத்திரைகள் அந்த மூடிக்குள்ளேயே இருப்பதில்லை. திறக்கச் சிரமம் என்று பிளாஸ்டிக் உறையிலும், ஏழு நாள் டப்பாவிலும், பழைய ஹார்லிக்ஸ் புட்டியிலும் மாற்றிவிடுகிறோம்.

மருந்துகளைப் பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். விருந்தினர் வந்தால் அவர்களுடைய கைப்பையையும் உயரத்தில் வையுங்கள். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பின்போது இது மிகவும் முக்கியம். மருந்தை "மிட்டாய்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பிள்ளை முன்னால் மாத்திரை போடுவதையும் தவிருங்கள். பார்த்ததைச் செய்வது பிள்ளையின் இயல்பு. மீந்துபோன மருந்துகளை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நேயர்கள் அடிக்கடி கேட்பவை

"பிள்ளை ஒரு மாத்திரைதான் சாப்பிட்டது, விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது. போக வேண்டுமா?"

போக வேண்டும். நீரிழிவு மாத்திரையின் பாதிப்பு பல மணி நேரம் கழித்தும் வரலாம். மெத்தடோனும் அப்படியே. சில குழந்தைகளை ஒரு நாள் வரை கண்காணிப்பில் வைப்பார்கள்.

"மருந்தின் பெயர் தெரியவில்லையே?"

மாத்திரையையோ காலி அட்டையையோ கொண்டு வாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், வீட்டில் யார் யாருக்கு என்னென்ன நோய் என்று சொல்லுங்கள். அதுவே மருத்துவருக்கு நல்ல தடயம்.

"தூக்க மாத்திரையால் மூளை பாதிக்குமா?"

மூச்சு தடைப்படாமல் இருந்தால் பொதுவாக நிரந்தரப் பாதிப்பு இருக்காது. மூளையைக் கெடுப்பது பெரும்பாலும் மருந்தல்ல, பிராணவாயு கிடைக்காத நிமிடங்கள்தான்.

இப்போது அந்த வரவேற்பறைக்குத் திரும்புவோம். அம்மா குனிந்து பிள்ளையைத் தூக்குகிறார். கால் துவள்கிறது. பாட்டியின் கண் கைப்பையின் மீது விழுகிறது. அது திறந்து கிடக்கிறது. பாட்டிக்கு நெஞ்சு படபடக்கிறது. அவர் சொல்ல வேண்டியது நான்கே சொற்கள்தான்: "என் மாத்திரையைத் தின்னுட்டாளோ என்னவோ."

அதைச் சொல்லும் துணிவு பாட்டிக்கு வர வேண்டும். அதைக் கேட்டுக் கோபப்படாமல் தொலைபேசியை எடுக்கும் நிதானம் அம்மாவுக்கு வர வேண்டும். குற்றம் யாருடையது என்று பேசுவதற்குப் பிறகு எத்தனையோ நாள் இருக்கிறது. பிள்ளைக்கு இருப்பது அந்தச் சில நிமிடங்கள்தான்.